கேனில் சேராத பால்

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில், செட்டி கம்பம் என்ற கிராமத்துக்குப் பின்னால், பால்கார வரிசை என்று ஐந்து வீடுகள் இருந்தன. ஐந்து வீட்டிலும் மாடு உண்டு, ஐந்து வீட்டிலும் வாய்ச்சண்டையும் உண்டு. குழாயடிக்குச் சண்டை, புல்லுக்கட்டுக்குச் சண்டை, சாணி யார் வாசலில் கிடக்கிறது என்று சண்டை. ஆனால் விடிகாலையில் பால் கறந்து முடிந்ததும் எல்லாம் ஓய்ந்துபோகும். யார் வீட்டு மாடு உதைத்துப் பாலைக் கொட்டினாலும், யார் வீட்டுக் கறவை வற்றினாலும், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குவளையோ இரண்டு குவளையோ வந்து அந்தக் கேனில் விழுந்துவிடும். மறுநாளோ அடுத்த வாரமோ அது திரும்பிப் போகும். இதற்குக் கைமாத்துப் பால் என்று பெயர்.

வாடிக்கைக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. தெங்கேராவிலிருந்து உஜோங் பாசிர் வரைக்கும் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போகிற ஐந்து பேரும், "எங்க வீட்டு மாட்டுப் பாலும்மா" என்றுதான் சொல்வார்கள். பால் எல்லாம் வெள்ளைதானே, அதில் யார் மாடு என்று எழுதியா இருக்கிறது?

கைமாத்து கொடுப்பதில் முதல் கை பொன்னம்மாவுடையது. அவளும் புருஷன் மருதமுத்துவும் இரண்டே மாடு வைத்திருந்தார்கள், செம்பி, கருப்பி என்று. கருப்பி பேருக்குத்தான் மாடு. செம்பிதான் மடி நிறைய வைத்துக்கொண்டு வரிசைக்கே கொடுத்தது. கன்றாக இருக்கும்போதே செம்பியின் தாய் செத்துவிட்டது. பிள்ளை இல்லாத பொன்னம்மா அதை அடுப்படியில் படுக்க வைத்து, நான்கு வீட்டுப் பாலையும் கேட்டு வாங்கிப் புகட்டி ஆளாக்கினாள். வாங்கிய கைக்குக் கொடுக்கத் தெரியவேண்டும் அல்லவா? அதனால் அவள் தினமும் நான்கு வீட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் தெரியாது அவளுக்கு.

"எங்க செம்பி இல்லேன்னா இந்த வரிசையில ஒரு கேனும் தளும்பாது" என்று நாளுக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

செம்பிக்கு ஒரே ஒரு குறை வந்தது. முந்தின வருஷ மழையில், சினையாக இருந்தபோது மாதம் முடியாமலே கன்று வீசிவிட்டது. கண் பட்டுவிட்டது என்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அடுத்த ஈற்று நல்லபடியாக நடந்தது. கயிறு வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள், அந்தக் கயிறும் கழுத்திலேயே கிடந்தது.

செம்பியின் பாலில் ஒரு செம்பு மட்டும் எந்தக் கேனிலும் சேராது. அது கோகிலாவின் குழந்தைக்கு. கோகிலா கம்பத்துச் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தமிழை மறந்துபோன குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும். அவள் பேச்சில் இருந்த கொஞ்சம் தமிழில் 'அக்கா' ஒன்று. பிரசவத்துக்குப் பின் ஜுரம் கண்டு அவளுக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது. கைக்குழந்தைக்கு ஒரே மாட்டுப் பால்தான் ஆகும், பல மாட்டுப் பால் கலந்தால் வயிறு கெடும் என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரிந்த சாஸ்திரம். ஊரையே கலந்து குடிக்க வைத்தவர்கள் குழந்தை விஷயத்தில் மட்டும் கலப்படம் செய்ய அஞ்சினார்கள். ஆகவே தினமும் முதல் கறப்பு, மடியிலிருந்து நேரே, கோகிலாவின் பித்தளைச் செம்பில் விழும். ஒருநாள் அவள் அதை அடுப்பில் ஏற்றியிருந்ததைப் பொன்னம்மா பார்த்துவிட்டாள். பார்த்ததும் தன் கையாலேயே சட்டியை இறக்கி வைத்தாள். காய்ச்சினால் சத்து செத்துப்போகும், கறந்த சூடே போதும் என்று தன் அரைகுறை மலாயில் சொல்லிக் கொடுத்தாள். கோகிலா அப்படியே கேட்டுக்கொண்டாள்.

சுதந்திரம் வந்து வருஷம் திரும்பவில்லை, கால்நடை இலாகாவிலிருந்து ஜெயபாலன் வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி, பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்.

"வெள்ளைக்காரன் போயிட்டான், இனிமே நம்ம மாட்ட யாரும் வந்து குத்தமாட்டான்னு பார்த்தேன்" என்றார் வரிசையில் மூத்தவரான நல்லையா. "இப்ப நம்ம ஆளே குப்பியோட வந்து நிக்கிறான்."

ஜெயபாலன் சிரித்தான். "குத்தவெல்லாம் மாட்டேன் மாமா. பால் மட்டும் குடுங்க, போதும். கேனுக்கு ஒரு குப்பி."

மாடு கன்று வீச வைக்கிற ஒரு நோய் பரவுகிறது என்று அவன் விளக்கினான். மாட்டைப் பார்த்தால் தெரியாதாம், கொழுகொழுவென்றுதான் இருக்குமாம். பாலில் ஒரு மருந்துச் சொட்டு விட்டு வெதுவெதுப்பில் வைத்தால், நோய்ப் பாலாக இருந்தால் மேலே ஆடையில் ஊதா வளையம் கட்டுமாம்.

"ஒவ்வொரு மாட்டுக்கா ரத்தம் எடுக்க எங்ககிட்ட ஆளில்ல. அதனால கேனப் பார்ப்போம். ஒரு கேன்ல வளையம் வந்தா, அந்த வீட்டு மாட்டுல ஒண்ணுக்காவது இருக்குன்னு அர்த்தம். எத்தனை கேன்ல வருதோ, அத வச்சு மொத்தத்துல எத்தனை மாட்டுக்கு இருக்கும்னு ஒரு மதிப்புப் போடுவோம். ஒரு கேன்ல மட்டும் வந்தா கொஞ்சம்தான். எல்லா கேன்லயும் வந்தா, சுசாதான் மாமா, கஷ்டம்தான், மந்தையே கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்குவாங்க." அவன் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டான். "அவங்கவங்க மாட்டுப் பால் அவங்கவங்க கேன்லதான? கலக்கறது ஒண்ணும் இல்லையே?"

ஐந்து வீட்டு ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் இரண்டு வாடிக்கைக்காரப் பெண்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

"சேச்சே" என்றார் நல்லையா. "மாரியம்மன் சத்தியமா அவனவன் மாட்டுப் பால்தான் தம்பி. கலந்து விக்கிற பொழப்பு நமக்கெதுக்கு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பொன்னம்மா கொஞ்சம் பலமாகவே ஆட்டினாள். வாடிக்கைக்காரர்கள் முன்னால் வேறென்ன செய்ய முடியும்? தொழில் தர்மம் என்பது மற்றவன் குட்டையும் சேர்த்து மூடுவதுதான்.

போகும்போது ஜெயபாலன் இன்னொன்றும் சொன்னான். "பச்சையா குடிச்சா மனுசனுக்கும் ஒட்டும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். நல்லா காய்ச்சிக் குடிச்சா பயமில்ல." அதை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. எல்லாருடைய நினைப்பும் மாட்டின் மேலிருந்தது.

மறுநாள் அவன் திரும்பி வந்தபோது சிரிப்பில்லை. ஐந்து குப்பியிலும் வளையம். ஐந்து வீட்டிலும் நோய் என்றால், கணக்குப்படி பாதி மாட்டுக்கு மேல் பிடித்திருக்கவேண்டும். இப்படியே இருந்தால் வரிசையில் ஒரு மாடு மிஞ்சாது, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய் அறுத்துவிடுவார்கள். மேலதிகாரி அவசரப்படாமல் இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றான்.

வரிசையில் அன்று யார் வீட்டிலும் சரியாகச் சமைக்கவில்லை. நல்லையா தன் மாடுகளின் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னம்மா செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மருதமுத்து பக்கத்தில் நின்று, "அழாதடி, மாடு பயந்துக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அந்த வாரம் செட்டி கம்பத்து மாரியம்மனுக்குத் திருவிழா. அம்மை நோய் தீர நேர்ந்துகொண்ட திருவிழா அது. செட்டி மக்கள் அதை டத்தோ சாச்சார் என்பார்கள். நோய் தீர்க்கிறவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? செம்பியின் பால் முழுவதையும் அன்றைக்கு அபிஷேகத்துக்கே தருவதாகப் பொன்னம்மா வேண்டிக்கொண்டாள். குழந்தையின் செம்பு போக, மீதி அத்தனையும் குடத்தில் கோயிலுக்குப் போனது. கைமாத்துக்கு ஒரு குவளை கூட இல்லை. பொன்னம்மாவின் கேனில் கருப்பியின் பால் மட்டும் அடியில் கிடந்தது. மற்ற வீடுகள் குறைந்த பாலுக்குக் குழாயிடமே கைமாத்து வாங்கிக்கொண்டன. அன்று காலையில்தான் ஜெயபாலன் இரண்டாவது தடவை குப்பி நிரப்பிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அவன் கத்தினான். "வளையம் இல்ல மாமா! ஒண்ணுலயும் இல்ல!"

நல்லையா இடத்திலேயே கோயில் பக்கம் திரும்பி விழுந்து கும்பிட்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் பொன்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் வேண்டுதல்தான், உன் செம்பி பால்தான் எங்களைக் காப்பாற்றியது என்றார்கள்.

ஜெயபாலன் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். "எனக்குத்தான் பிடிபடல. எல்லாத்துலயும் இருந்தது எப்படி ஒரேயடியா காணாமப் போகும்? இந்த நோய் அப்படிப் போற நோய் இல்ல. சரி, நாளைக்குக் கடைசித் தடவை. நாளைக்கும் சுத்தமா இருந்தா விட்டுருவாங்க. மறுபடியும் எல்லாத்துலயும் வந்தா என் கையில ஒண்ணும் இல்ல."

பொன்னம்மா சிரித்த முகத்தோடு கொட்டகைக்குள் வந்தாள். வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உன் செம்பி பால்தான் காப்பாற்றியது என்று சொன்னார்களே. செம்பியின் பால் அன்றைக்கு அம்மனுக்குப் போனது. அதாவது, கேனுக்குப் போகவில்லை. முதல் தடவை ஐந்து கேனிலும் செம்பி இருந்தாள், ஐந்திலும் வளையம். இரண்டாவது தடவை ஒரு கேனிலும் செம்பி இல்லை, ஒன்றிலும் வளையமில்லை.

அவள் செம்பியைப் பார்த்தாள். கொழுகொழுவென்று நின்றது. கழுத்துக் கறுப்புக் கயிறு சாயம் போயிருந்தது. போன வருஷம் வீசிய கன்று அவளுக்கு நினைவு வந்தது. ஐந்து வீட்டிலும் நோய் இல்லை. ஒரு வீட்டில், ஒரு மாட்டுக்குத்தான் நோய். அதை ஐந்து வீட்டுக் கேனிலும் குவளை குவளையாக ஊற்றிவிட்டு, அவளேதான் பெருமையும் பேசிக்கொண்டு திரிந்தாள்.

ஜெயபாலனிடம் சொன்னால் வரிசை பிழைக்கும், செம்பி போகும். சொல்லாமலே வரிசையும் பிழைக்கலாம், செம்பியும் பிழைக்கலாம். நாளை ஒருநாள் செம்பியின் பால் கேனில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இது அவளுக்கு உடனே தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடு என்றால் எந்தத் தாய் கொடுப்பாள்? அன்று முழுவதும் அவள் வாயைத் திறக்கவில்லை. பொன்னம்மா வாயைத் திறக்காததே வரிசையில் ஒரு சேதியாகிவிட்டது.

மறுநாள் விடியலில் செம்பியின் மடியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். மருதமுத்து கருப்பியின் பால் அடியில் கிடந்த கேனோடு வந்து நின்றான். பக்கத்து வீட்டில் கைமாத்துக்குக் குவளை தயாராகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு செம்பி பால் யாருக்கும் கிடையாதுன்னு சொல்லிரு" என்றாள் பொன்னம்மா. "நம்ம கேனுக்கும் வேணாம்."

"ஏண்டி?"

"ஏன்னா ஏன். சொன்னதச் செய்யி. குழந்தைக்கு எடுத்தது போக மிச்சத்தச் சாணிக்குழியில ஊத்து."

நாக்கில் பழகிக்கிடந்த வாக்கியம் அது. தினமும் சொல்வது. குழந்தைக்கு எடுத்தது போக. மருதமுத்து அவள் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியிருந்த பித்தளைச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நிறைந்து நுரைத்திருந்தது.

அப்போதுதான் பொன்னம்மாவுக்கு ஜெயபாலன் சொன்னது காதில் விழுந்தது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். குழந்தைக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல். வந்தால் தலையணை நனைய வேர்க்கும், மூன்று நாள் விடும், மறுபடி வரும். யாரோ ஒரு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மலேரியாவுக்கு மருந்து கொடுத்திருந்தார். மற்ற வீடுகளுக்குச் செம்பி ஒரு குவளைதான், பத்துப் பங்கில் ஒரு பங்கு. அதையும் காப்பிக்காகக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். குழந்தைக்கு மட்டும் கலக்காமல், காய்ச்சாமல், சுத்தமாக. அந்தப் பால் எந்தக் கேனிலும் சேராததால் எந்தக் குப்பியிலும் அது ஏறவில்லை. இலாகாவின் கணக்கில் அந்தக் குழந்தை இல்லவே இல்லை.

செம்பி திரும்பி அவள் தோளை நக்கியது.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஜெயபாலன் நான்கு வீட்டுக் கேனிலும் பால் எடுத்துக்கொண்டு ஐந்தாவதற்கு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோகிலா வந்தாள். வழக்கம்போல் செம்புக்குக் கை நீட்டினாள். பொன்னம்மா செம்பை அவளிடம் கொடுக்கவில்லை.

"தம்பி, இதுலயும் ஒரு குப்பி எடுங்க" என்று ஜெயபாலனிடம் நீட்டினாள். "இது தனி."

"என்ன தனி?"

"செம்பி பால். ஒரே மாட்டுப் பால், இந்தப் பிள்ளைக்குப் பச்சையா போறது. நாங்க அன்னிக்குப் பொய் சொன்னோம் தம்பி. இங்க எல்லாரு கேன்லயும் எல்லாரு பாலும் கலக்கும். என் மாட்டுப் பால்தான் எல்லாத்துலயும் விழுந்துச்சு. திருவிழா அன்னிக்கு விழல, இன்னிக்கும் விழல."

நல்லையா ஓடி வந்தார். "அடிப்பாவி! வாய மூடு! தெருவுல வாடிக்கைக்காரங்க நிக்கிறாங்க! அஞ்சு வீட்டுப் பொழப்புலயும் மண்ணப் போடுறியே!"

"போனா போகட்டும் மாமா. மாடு இருந்தா பொழப்பு வரும்."

அவள் சொன்னது புரியப் புரிய ஜெயபாலன் முகம் மாறியது. ஆறு குப்பிகளிலும் மருந்துச் சொட்டை விட்டு, பொன்னம்மாவின் அடுப்பிலிருந்தே வெந்நீர் வாங்கி, ஒரு சட்டியில் அவற்றை நிற்க வைத்தான். ஒரு மணி நேரம் வரிசையே அந்தச் சட்டியைச் சுற்றி நின்றது. கோகிலாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. குழந்தை பசியில் சிணுங்கியது. பால் எங்கே என்று அவள் ஜாடையில் கேட்டாள். பொன்னம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. மருதமுத்துதான் உள்ளே போய்க் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஐந்து குப்பிகளில் பால் ஊதாக் கலங்கலாக, ஒரே நிறமாக இருந்தது. ஆறாவதில் பால் வெளுத்துப்போய், மேலே ஆடையில் விரல் கனத்துக்கு ஊதா வளையம் கட்டியிருந்தது.

"ஒரே மாடு" என்றான் ஜெயபாலன் மெதுவாக. "நாங்க போட்ட மதிப்பெல்லாம் தப்பு. இனி ஒவ்வொரு மாட்டுக்கும் தனியா ரத்தம் எடுத்தே பார்த்துடலாம், ஆபீசர்கிட்ட நான் பேசுறேன். ஆனா இந்த மாடு தப்பாதுக்கா."

நல்லையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் மாடுகள் பிழைத்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னம்மாவைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

கோகிலா மட்டும் குப்பியின் அருகே குனிந்தாள். வளையத்தின் நிறம் அழகாகத்தான் இருந்தது. குழந்தைக்குக் காட்டினாள். குழந்தை சிணுங்கலை நிறுத்திவிட்டு அதைப் பிடிக்கக் கை நீட்டியது.

"இவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்று ஜெயபாலன் கேட்டான். "எனக்கு மலாய் நல்லா வரும்."

"வேணாம். காய்ச்ச வேணாம்னு சொன்னது நான்தான். நானே சொல்றேன்."

பொன்னம்மாவின் மலாய் புல் வாங்கவும் பால் விற்கவும் போதுமான மலாய். அதை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். மாட்டுக்கு நோய். பாலில் நோய். குழந்தைக்குக் காய்ச்சல் அதனால்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். எதையும் மறைத்துச் சொல்ல அவளிடம் சொற்கள் இல்லை. ஜெயபாலன் இடையில் புகுந்து, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், என்ன நோய் என்று தெரிந்துவிட்டால் மருந்து இருக்கிறது, தானும் கூட வந்து டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னான்.

கோகிலா குழந்தையின் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அதன் உள்ளங்கையைத் தன் சாரோங்கில் துடைத்தாள். பிறகு வாயைத் துடைத்தாள். மறுபடி கையைத் துடைத்தாள்.

"நான் அடுப்பில் வைத்தேன்" என்றாள் மலாயில். "நீதான் இறக்கினாய், அக்கா."

"ஆமா."

"உன் குழந்தையாக இருந்தால் காய்ச்சியிருப்பாயா?"

வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றது. இல்லை என்றுதான் பொன்னம்மா சொல்லவேண்டியிருந்தது. காய்ச்சியிருக்க மாட்டாள். தன் குழந்தையாக இருந்தாலும் இதே மாட்டின் பாலை, இதே சூட்டோடு, இதைவிட ஆசையாகக் கொடுத்திருப்பாள். அது சத்தியம். அந்தச் சத்தியத்தால் கோகிலாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இல்ல" என்றாள்.

கோகிலா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மருதமுத்து ஓடிப்போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜெயபாலன் ஊதா வளையக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் பின்னால் போனான். குழந்தை தாயின் தோளுக்கு மேல் பொன்னம்மாவைப் பார்த்துக் கை ஆட்டியது. தினமும் பால் வாங்கிக்கொண்டு போகும்போது ஆட்டுகிற அதே ஆட்டல்.

பித்தளைச் செம்பு வாசற்படியிலேயே இருந்தது. பொன்னம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றினாள், மறுபடியும் தேய்த்தாள். கொட்டகையில் செம்பி கத்தியது. அதன் மடியில் இன்னும் பாதிப் பால் கறக்காமல் இருந்தது, கட்டிக்கொண்டு வலித்திருக்கும். அறுக்கப் போகிற மாடாக இருந்தாலும் வலி வலிதானே.

அவள் எழுந்து போய், செம்பியின் மடிக்கு நேர்கீழே மண்ணைத் தோண்டி ஒரு பள்ளம் செய்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பாலை அதற்குள்ளேயே கறந்தாள்.